திருவண்ணாமலையில் பனிக்கால மலை நடையும் நாய்களும்

திருவண்ணாமலையில் பனிக்கால மலை நடை என்பது, கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர்ந்த மாதங்களில் அண்ணாமலையைச் சுற்றியும் அதன் சரிவுகளிலும் நண்பர்களோடும் குழுக்களாகவும் மேற்கொள்ளப்படும் நடையாகும். இந்நடையில் நாய்களும் பல நேரங்களில் உடன் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவை அல்ல. அந்த வழியிலேயே பிறந்து வாழும் ஊர்நாய்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்து நடப்பதைப் பொறுத்தே நடப்பவர், நாய், காட்டு விலங்கு ஆகிய மூன்றின் பாதுகாப்பும் அமைகிறது.

பனியும் பருவமும்

தமிழில் 'பனி' என்னும் சொல் விடியற்காலையில் புல்லில் படியும் நீர்த்துளியையும், வெண்பனியையும் சேர்த்தே குறிக்கும். தொல்காப்பியம் மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பருவங்களாக வகுக்கிறது. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை; முன்பனி என்பது மார்கழி, தை. நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் இக்காலத்தில் உறைபனி படிகிறது. திருவண்ணாமலையில் வெண்பனி பெய்வதில்லை. விடியலில் மூடுபனி மலையின் மேற்பகுதியை மறைப்பதும், தார்ச்சாலை இரவில் நன்கு குளிர்ந்துவிடுவதும் இங்குள்ள பனிக்காலத்தின் அடையாளங்கள். வெயில் காலத்தைவிட இம்மாதங்கள் நடைக்கு ஏற்றவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நடைவழிகள்

மலையின் உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். அதைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரையிலான எட்டு லிங்கங்கள் இப்பாதையில் அமைந்துள்ளன. மலை வலப்பக்கம் இருக்குமாறு வெறுங்காலுடன் நடப்பது மரபு. நின்று நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். சரிவில் செல்லும் வழிகளில் ரமணாசிரமத்திலிருந்து கந்தாசிரமத்திற்கும் விருபாட்சி குகைக்கும் செல்லும் கற்பாதை பெயர் பெற்றது.

கமலா என்னும் வழிகாட்டி

இம்மலையில் நாய் துணையாக நடந்ததற்குப் பதிவான சான்று உண்டு. ரமண மகரிசி 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். விருபாட்சி குகையில் பல ஆண்டுகள் தங்கிய பின் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். அங்கே குட்டியாக வந்து சேர்ந்த பெண் நாய்க்குக் கமலா என்று பெயர். ஆண்டுதோறும் குட்டி போட்டு இடத்தை நிறைத்துவிடும் என்று அஞ்சிச் சிலர் அதை விரட்டிப் பார்த்தனர், அது போகவில்லை. அதன் முதல் பேற்றின்போது நீராட்டி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, தூய இடம் ஒதுக்கித் தந்தனர்.

புதிதாக வந்தவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டும் பணியை ரமணர் கமலாவிடம் ஒப்படைப்பதுண்டு. அது அவர்களை ஒவ்வொரு சன்னதிக்கும் சுனைக்கும் அழைத்துச் சென்று காட்டும் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வழி அறியாதவர் மனிதர்; அறிந்தது நாய். விருபாட்சி குகைக் காலத்தில் பழகிய சின்னக் கறுப்பன் என்ற கரிய நாயும் இவ்வரலாறுகளில் இடம்பெறுகிறது. ஜாக்கி என்ற நாயின் சமாதி, பசு லட்சுமியின் சமாதிக்கு அருகில் ரமணாசிரம வளாகத்தில் இன்றும் உள்ளது.

ஊர்நாய் பின்தொடரும்போது

ஊர்நாய்கள் கூட்டமாக வாழ்பவை. ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. பிசுக்கோத்து கொடுத்து ஒரு நாயைத் தொலைவுக்கு அழைத்துச் சென்றால், அது அடுத்த கூட்டத்தின் எல்லைக்குள் நுழைந்து கடிபடுகிறது. நடப்பவரும் அச்சண்டையின் நடுவே சிக்கிக்கொள்கிறார். எனவே உணவு தருவதானால் நாய் இருக்கும் இடத்திலேயே தந்துவிட்டு நகர்வது நல்லது. சாக்லேட் நாய்களுக்கு நஞ்சு.

குளிர் மாதங்களில் பல ஊர்நாய்கள் குட்டி ஈனுகின்றன. சாதாரண நாளில் வாலாட்டும் நாயும் குட்டியருகே செல்பவரைக் கடிக்கக்கூடும். கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றைக் காயத்தில் வைக்கக் கூடாது.

வளர்ப்பு நாயுடன் செல்வோர்

நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைப்பின் வழியாகவே உடல் வெப்பத்தைக் குறைக்கின்றன. பனிக்காலத்திலும் முற்பகலில் தார்ச்சாலை சூடேறிவிடும். புறங்கையைச் சாலையில் ஏழு நொடிகள் வைத்திருக்க முடியாவிட்டால் அது நாயின் பாதத்தையும் சுடும். ஆகவே விடியலுக்கு முன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பது ஏற்றது. பழக்கமில்லாத நாயை முதல் நாளே 14 கிலோமீட்டர் நடத்தாமல், சிறு தொலைவில் தொடங்க வேண்டும். தடுப்பூசி போட்டிருத்தல், கழுத்து வார், குடிநீர் ஆகியவை இன்றியமையாதவை. மழைக்குப் பின் புதர்களில் உண்ணிகள் மிகுதி என்பதால் வீடு திரும்பியதும் காது மடலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமி இரவுகளிலும் பல லட்சம் மக்கள் கூடுவதால் அந்நாட்களில் நாயை அழைத்து வராமல் இருப்பதே நல்லது.

காடும் மலையேற்றமும்

மலைச்சரிவுகளில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. நீர் தேடிக் கீழிறங்கும் மான்கள் நாய்களால் கடிபட்டு இறப்பதுண்டு. எனவே அவிழ்த்துவிடப்பட்ட ஒரு நாய், அதை வளர்ப்பவருக்கு எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், மானுக்கு வேட்டை விலங்குதான்.

மலையுச்சிக்கு ஏறுவது வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கட்டுப்பாட்டின் தேவையை அண்மை நிகழ்வு ஒன்று காட்டியது. பெஞ்சல் புயலின் பெருமழையைத் தொடர்ந்து 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் ஏற்பட்ட மண்சரிவில், அடிவாரத்தில் வசித்த 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 5 பேர் சிறார்கள். அந்த ஆண்டுத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியும் பனிக்காலத்தின் தொடக்கமும் ஒன்றாக வருவதால், பெருமழைக்குப் பிந்தைய நாட்களில் சரிவுகளைத் தவிர்த்துக் கிரிவலச் சாலையில் மட்டும் நடப்பதே பாதுகாப்பானது.