டிராக்டருக்கு ஆயில் மாற்ற... மாதத்தை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள்!

‘டிராக்டருக்கு எப்போது இன்ஜின் ஆயில் மாற்றினீர்கள்?’ என்று கேட்டால், ‘தை மாசம் மாத்தினது’, ‘ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி மாத்தினது’ என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். பைக்குக்குக் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுபவர்கள்கூட, டிராக்டருக்கு மாதக் கணக்குதான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பினால், நடவு நேரத்தில் இன்ஜின் பட்டறைக்குப் போய்விடும். செலவு ஒருபக்கம், பருவம் தவறுவது இன்னொரு பக்கம்.

மணிக்கணக்கு ஏன்?

டிராக்டர் நின்ற இடத்திலேயே கதிரடிக்கும், தண்ணீர் இறைக்கும். சேற்றுழவில் முழு வேகத்தில் இன்ஜின் ஓடினாலும், வண்டி நகர்வது கொஞ்சம்தான். அதனால் இதற்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர்தான் சரியான அளவு. பல டிராக்டர்களில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். புது டிராக்டரில் முதல் மாற்றம் இன்னும் சீக்கிரமே வரும். உங்கள் வண்டியோடு கொடுத்த கையேட்டில் என்ன இருக்கிறதோ, அதுவே முடிவானது.

250 மணி நேரம் என்றால் எத்தனை நாள்? பருவத்தில் வாடகைக்கு ஓட்டுபவர் தினமும் 10 மணி நேரம் ஓட்டினால், 25 நாளில் முடிந்துவிடும். அவர் ஆறு மாதம் காத்திருந்தால், தேய்வது ஆயில் மட்டுமல்ல... பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாமும்தான். மாறாக, சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுபவருக்கு வருஷம் முழுக்க 200 மணி நேரம்கூட ஓடாமல் போகலாம். ஆனாலும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. நிறுத்தியே வைத்திருந்தாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும்.

கறுத்தால் கெட்டுப்போனதா?

இன்ஜின் ஆயிலுக்கு வழவழப்புக் கொடுப்பது மட்டும் வேலையல்ல. பிஸ்டனின் சூட்டைத் தணிக்கிறது. டீசல் எரிந்து உண்டாகும் கரியை ஒட்டவிடாமல் தன்னோடு சுமக்கிறது. அதனால், டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். அதைப் பார்த்து ‘போலி ஆயில்’ என்று பதற வேண்டாம். ஆனால், கரியையும் அமிலத்தையும் சமாளிக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகள் ஓட ஓடத் தீர்ந்துபோகும். குறைந்ததை ஊற்றி நிரப்பிக்கொண்டே வருவது, முழுதாக மாற்றுவதற்கு ஈடாகாது.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு:

* ஆயில் மோர்போல வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

* ஊற்றாமலேயே அளவு கூடி, டீசல் வாடை அடித்தால், டீசல் ஒழுகி ஆயிலில் கலக்கிறது.

* அளவு குறைந்துகொண்டே வந்து, நீலப்புகையும் வந்தால், ஆயில் எரிகிறது.

* ஓட்டும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால், ‘இந்தச் சாலை முடியட்டும்’ என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

காலையில் ஒரு நிமிடம்!

வண்டி சமதரையில் நிற்கட்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே’ என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

கோடையில் புழுதி உழவு ஓட்டும்போது ஏர் ஃபில்டரையும் சேர்த்துக் கவனியுங்கள். ஃபில்டரைத் தாண்டிப் போகும் புழுதி ஆயிலில் கலந்தால், உப்புத்தாள்போல இன்ஜினைத் தேய்க்கும். ஆயில் ஊற்றும் வகை ஏர் ஃபில்டராக இருந்தால், கிண்ணத்தில் தங்கும் சேற்றை வழித்தெடுத்து, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள்.

டப்பாவில் என்ன பார்ப்பது?

15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது, 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. சிஎச்-4, சிஐ-4 என்று ‘சி’யில் தொடங்கும் தரக்குறியீடு டீசல் இன்ஜினுக்கானது. கையேட்டில் உள்ள எண்ணும் குறியீடும் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். போலி ஆயில் அடைப்பவர்கள் கையில் அது சிக்கக் கூடாது.

மாற்றும்போது, இன்ஜினைச் சிறிது ஓட்டி, வெதுவெதுப்பானதும் நிறுத்திவிட்டு வடியுங்கள். கசடு சேர்ந்து இறங்கும். ஆயில் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரை விட்டுவைத்தால், அதில் இருக்கும் அழுக்கு புது ஆயிலில் கலக்கும். மாற்றிய தேதியையும் ஹவர் மீட்டர் எண்ணையும் பெயின்ட்டால் மட்கார்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள். டிரைவர் மாறினாலும் கணக்கு மாறாது.

வாசகர் கேள்விகள்

‘ஹவர் மீட்டர் ஓடவில்லை. என்ன செய்வது?’

சரிசெய்யும் வரை, ஒரு நோட்டில் தினமும் ஓடிய மணி நேரத்தை எழுதுங்கள். வாடகை ஓட்டுபவர்களிடம் ஏற்கெனவே மணிக்கணக்கு நோட்டு இருக்கும். அதைக் கூட்டினாலே போதும்.

‘இன்ஜின் ஆயிலையே கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஊற்றலாமா?’

கூடாது. அவற்றுக்குத் தனி ஆயில் உண்டு. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரில் தவறான ஆயில் ஊற்றினால், பிரேக்கே கெடும்.

‘பழைய ஆயிலைக் கரையானுக்காக மரத்தில் பூசலாமா?’

வேண்டாம். அதில் உலோகத் துகள்களும், தோலுக்குக் கேடான கரிப்பொருள்களும் இருக்கின்றன. மண்ணில் இறங்கினால், கிணற்று நீர் வரை போகும். அபாயகரமான கழிவுகளுக்கான 2016-ம் ஆண்டு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. வாய்க்காலில் கொட்டாமல் கேனில் பிடித்து வைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.