சோளிங்கர் முதல் வாணியம்பாடி வரை: எங்கே உண்பது, எதைச் சுவைப்பது?

சங்கக் கூட்டங்களுக்காகவும், நூலும் விதையும் வாங்குவதற்காகவும், மலைக் கோயில் தரிசனத்துக்காகவும் நம் அங்கத்தினர்கள் பாலாற்றங்கரை ஊர்களுக்குப் பிரயாணம் செய்யாத மாதம் இல்லை. ஆயினும், போகிற ஊரில் எந்த உணவு விசேஷமானது, அது எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரித்து உண்பவர் சிலரே. பஸ் நிலையத்தின் எதிரே கண்ட கடையில் எதையோ உண்டு, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். உத்தியோக நிமித்தம் இவ்வட்டாரத்தைச் சுற்றிவரும் நாம், உண்டறிந்தவற்றை இங்கே தொகுத்துச் சொல்ல முற்படுகிறோம்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாயிற்று. அவற்றுள் ஒன்றான வேலூர் மாவட்டம், 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. நிர்வாகம் பிரிந்ததே தவிர அடுப்பு பிரியவில்லை. ஆகவே மாவட்ட எல்லையைக் கருதாமல், கிழக்கே சோளிங்கரில் தொடங்கி மேற்கே செல்வோம்.

சோளிங்கர்

திருக்கடிகை என்னும் பெயரால் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாக விளங்குவது இத்தலம். யோக நரசிம்மர் வீற்றிருக்கும் பெரிய மலைக்கு 1305 படிகள்; எதிரே ஆஞ்சநேயர் எழுந்தருளியிருக்கும் சிறிய மலைக்கு 406 படிகள். பெரிய மலைக்கு 2024 முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. ஆனாலும் படியேறிச் சென்றவருக்குக் கிடைக்கும் பசி ஊர்தியில் சென்றவருக்குக் கிடைப்பதில்லை. ரயிலில் வருவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: சோளிங்கர் என்று பெயர் தாங்கிய ரயில் நிலையம் ஊரிலிருந்து தள்ளிப் பாணாவரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏற வேண்டும்.

பெருமாள் கோயில்களில் புளியோதரையும் பொங்கலும், அனுமாருக்கு வடைமாலையும் வழக்கம். இறங்கி வருகையில் பிரசாதம் கிடைப்பின் அதுவே முதல் உணவாகட்டும். கையில் தின்பண்டம் ஏந்திப் படியில் நடப்பது கூடாது. இம்மலையின் குரங்குகள் அதைப் பறிப்பதில் தேர்ந்தவை. மலையடிவாரமான கொண்டபாளையத்தில் இளைப்பாறிவிட்டுப் புறப்படலாம்.

களியும் கூழும்

இவ்வட்டாரத்தின் உண்மையான உணவு எது என்று நம்மைக் கேட்டால், தயங்காமல் கேழ்வரகுக் களி என்போம். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி, கையில் நீர் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், அல்லது வேர்க்கடலைத் துவையல். புலால் உண்போருக்குக் கருவாட்டுக் குழம்பு. இப்பக்கத்தார் வேர்க்கடலையை மல்லாட்டை என்பர். களியை மெல்லலாகாது, விள்ளல் எடுத்துக் குழம்பில் தோய்த்து விழுங்குவதே முறை.

பெரிய ஓட்டல்களின் பட்டியலில் இதனைக் காண்பது அரிது. சந்தை நாட்களில் தேடுங்கள். வேலூருக்கு மேற்கே பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தை பேர்பெற்றது. இத்தகைய சந்தைகளை ஒட்டியும், வெயிற்காலத்தில் சாலையோரங்களிலும் கூழ்ப்பானை வைத்திருப்பவர்களைக் காணலாம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பார்கள். அன்று வெளியூரார் என்று எவரையும் ஒதுக்குவதில்லை. மானாவாரி நிலத்தில் குறைந்த நீரில் விளையும் தானியம் இது. தறியில் உட்காரும் நெசவாளருக்கும் ஏர் பிடிக்கும் உழவருக்கும் உச்சிவேளை வரை பசி தாங்கும் உணவு.

ஆற்காட்டு மக்கன் பேடா

சோளிங்கரிலிருந்து வாலாஜாப்பேட்டை வழியாகப் பாலாற்றைக் கடந்தால் ஆற்காடு. நவாபுகளின் தலைநகராக இருந்த இவ்வூரில் இன்று கோட்டையின் எச்சங்களைக் காட்டிலும் உயிரோடு இருப்பது ஓர் இனிப்பு. மக்கன் என்றால் வெண்ணெய். பெயரில்தான் வெண்ணெய், உண்மையில் பால்கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, முந்திரி, பாதாம், திராட்சை முதலியவற்றை உள்ளே பொதித்து, தட்டையாக உருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைப்பது. குலாப் ஜாமூனின் உறவினர் எனலாம். ஆனால் அதனினும் மென்மை. நாவில் வைத்தால் கரையும். நாட்பட்டதை வாங்க வேண்டாம். அன்று செய்ததா என்று கேட்டு, கடையிலேயே உண்பது உத்தமம்.

இதன் உயிர் பாலில் இருக்கிறது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், அதற்கு விண்ணப்பித்தது அவ்வூர்க் கூட்டுறவுப் பால் வழங்கும் சங்கமே என்பதையும் நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. பால் கறப்பவரே இனிப்பின் பெயருக்கும் உரியவரானது அங்கே நடந்தது.

வேலூரும் முள் கத்தரியும்

வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு வைத்தியசாலை, கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளை ஈர்க்கிறது. மாதக்கணக்கில் தங்குவோர்க்காக அதனைச் சூழ்ந்த தெருக்களில் வங்காளத்துச் சோறும் கடுகெண்ணெயில் சமைத்த மீன் குழம்பும் தரும் கடைகள் எழுந்துள்ளன. கல்கத்தா செல்லாமலே அந்த ருசியை அறிய விரும்புவோர் இங்கே அறியலாம்.

ஆயினும், வேலூருக்கே உரியதை உண்ண வேண்டுமானால் கத்தரிக்காயை நாட வேண்டும். அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடிப் பகுதியில் விளையும் முள் கத்தரிக்குத் தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள். சதை மிருதுவானது, எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய்போல் குழையும். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் விடியற்காலையில் சென்று, இலவம்பாடிக் காய் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். முள் குத்தக் குத்தப் பறிக்க வேண்டிய காய் இது. முள்ளில்லாத ஒட்டுரகக் காய்க்கும் இதற்கும் ஒரே விலைதான் என்றால், எந்த உழவர் இதனை விரும்பி நடுவார்? குறியீட்டுச் சான்று அலமாரியில் இருக்கும்; விதை வயலில் இராது. வாங்குவோரின் வாய்ச்சொல்லே இவ்விதைக்குக் காவல்.

ஆம்பூர், வாணியம்பாடி

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் ஊர். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர். நவாபின் அடுக்களையிலிருந்து பிரியாணிக் கலை இங்கே வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

இதன் பக்குவம் தனி. பாசுமதியன்று, சீரகச் சம்பா. மிளகாய்த் தூளன்று, வற்றல் மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. மசாலாப் பொருள்கள் அளவோடு. தயிர், புதினா, கொத்துமல்லி தாராளம். அரிசிக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இறைச்சி. அரிசியைத் தனியே அரைவேக்காடாக வடித்து, வெந்த இறைச்சியின்மேல் சேர்த்து, தேக்சாவை மூடி, மூடியின்மேலும் நெருப்புக் கனல் வைத்துத் தம் போடுவார்கள். உண்ட பின் வயிறு கனக்காது என்பதே இதன் பெருமை. வெங்காயத் தயிர்ப் பச்சடியும், புளிப்பேறிய கத்தரிக்காய்த் தொடுகறியும் உடன் வரும். இலவம்பாடிக் காய்க்கு இதனினும் தகுந்த இடம் வேறு இல்லை.

நெடுஞ்சாலையில் ஸ்டார், குர்ஷித் முதலிய பெயர்ப்பலகைகளைக் காணலாம். எந்தக் கடையானாலும், தம் திறக்கும் வேளையை விசாரித்து, உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னரே செல்லுங்கள். பிற்பகல் சென்றால் அடிப்பானைச் சோறே மிஞ்சும். மேலும் மேற்கே வாணியம்பாடியிலும் இதே குலத்துப் பிரியாணி உண்டு. பருப்பும் காயும் சேர்ந்த தால்ச்சாவுடன் உண்டு பார்த்தால் இரண்டு ஊர்க் கைப்பக்குவத்தையும் ஒப்பிடலாம்.

ஆடு, கோழி, மாடு என மூவகை இறைச்சியிலும் இங்கே பிரியாணி உண்டு. 2022 மே மாதத்தில் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தபோது, மாட்டிறைச்சி பிரியாணி விலக்கப்பட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது; விழாவும் தள்ளிவைக்கப்பட்டது. ஓர் ஊரின் உணவைக் கொண்டாட நினைப்போர், அதனை உண்பவர் எல்லோரையும் நினைக்க வேண்டும் என்பதே அதில் நாம் கண்ட பாடம்.

உண்ட பின் ஒரு சொல்

இலையில் இருப்பது எந்த வயலில் விளைந்தது என்று பல கடைகளில் கேட்டுப் பார்த்தோம். அரிசி மூட்டையின் வியாபார முத்திரையைச் சொன்னார்களேயன்றி, ஊரைச் சொன்னவர் அரியர். ஊரின் பெயரால் உணவு விற்கும் இடத்தில், விளைநிலத்துக்குப் பெயர் இல்லை.

நிலத்துக்கு மற்றொரு கவலையும் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையையும் கிணறுகளையும் கெடுத்ததைக் குறித்து, உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025-இலும் அதே நீதிமன்றம் பாலாற்றின் நிலையைக் குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது என்பது மெய். அச்சோறு விளையவும் நல்ல நீர் வேண்டும் என்பதும் மெய்.

ஆகவே அங்கத்தினர்களே, இப்பக்கம் வரும்போது நன்றாக உண்ணுங்கள். களியைக் கேளுங்கள், சீரகச் சம்பாவைக் கேளுங்கள், முள் கத்தரியைக் கேளுங்கள். எங்கே விளைந்தது என்றும் கூடவே கேளுங்கள். அக்கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்தால் கடைக்காரர் வியாபாரியைக் கேட்பார். வியாபாரி உழவரைத் தேடி வருவார்.