நிலத்துக்கு அடியில் கிடக்கும் கடன்

ஒரு காணியை வாங்கப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கிணற்றுத் தண்ணீர் நல்லதா, பாதை உண்டா, உறுதி சரியா என்று பார்க்கிறோம். கழிவுநீர் எங்கே போகும், அதற்கான செலவு யார் தலையில் விழும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் நெருக்கமான இடங்களில் பல குடும்பங்கள் ஒரே கிணற்றையும் ஒரே மலசலகூடத்தையும் பாவிக்க நேர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும்.

விசாலமான வளவில் ஒரு வீட்டுக்கு ஒரு மலக்குழி போதும். நூற்றுக்கணக்கான வீடுகள் நெருங்கி எழும்பினால் குழிகளின் அழுக்கு நிலத்தடி நீரில் கலந்து கிணற்றுக்கு வந்து சேரும். அப்போது பொதுக் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையமும் தேவைப்படுகின்றன. இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் வேண்டும். தனியார் ஒருவர் இலாபத்துக்காக வீடுகள் கட்டி விற்கும்போது அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? அவரா, அரசா, வீடு வாங்குபவரா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதற்குக் கண்ட வழியை ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளது.

வட்டாரம் உருவாகும் விதம்

ஹூஸ்டன் போன்ற நகரங்களின் எல்லைக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை ஒரு வீடமைப்பு முதலாளி வாங்குகிறார். நகரத்தின் குழாய்கள் அங்கு வரை வருவதில்லை. நீரையும் நிலத்தையும் பேணுவதற்கென வரி விதிக்கவும் கடன் வாங்கவும் வல்ல சிறப்பு அமைப்புகளை உருவாக்க டெக்சாஸ் அரசியல் யாப்பு 1917ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இடமளித்தது. இந்த அடிப்படையில் 1971இல் வந்த சட்டம் 'மூனிசிப்பல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்' என்னும் அமைப்புக்கு வழி திறந்தது. இதை நாம் 'வட்டாரம்' என்போம். இது ஐந்து இயக்குநர்களைக் கொண்ட ஒரு குட்டி உள்ளூராட்சி சபை எனலாம்.

அது இயங்கும் முறை வருமாறு:

1. வட்டாரத்தை அமைக்கும்படி நில உரிமையாளர் மாநில ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கிறார். அல்லது மாநிலச் சட்டசபை தனிச் சட்டம் ஒன்றினால் அதை உருவாக்குகிறது.

2. முதலாளி முதலில் தமது பணத்தில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், வடிகால் ஆகியவற்றை அமைக்கிறார்.

3. வீடுகள் எழும்பி நிலத்தின் பெறுமதி கூடியதும், வட்டாரம் கடன் முறிகளை விற்றுப் பணம் திரட்டி, முதலாளி செலவழித்ததில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது.

4. அந்தக் கடனை வட்டியோடு அடைப்பவர்கள் வீடு வாங்கியவர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் வரை அவர்கள் ஆதன வரியாக அதைக் கட்டுகிறார்கள். மாதாந்தக் குழாய்க் கட்டணம் வேறு.

இந்த முறிகளின் வட்டிக்கு மத்திய அரசு வருமான வரி அறவிடுவதில்லை. ஆகவே குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது. அரசு இழக்கும் அந்த வரியின் பாரத்தில் நாடெங்கும் உள்ள வரியிறுப்பாளர்களுக்கும் பங்கு உண்டு.

வாக்களித்தவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர்

கடன் வாங்குவதற்கு வட்டாரத்தில் வசிக்கும் வாக்காளரின் சம்மதம் வேண்டும். ஆனால் வாக்கெடுப்பு நடக்கும்போது அது பெரும்பாலும் வெறும் நிலம். ஆகவே நகரும் வீடுகளில் இரண்டு மூன்று பேரைக் குடியிருத்தி, அவர்களின் வாக்கைக் கொண்டே கோடிக்கணக்கான டொலர் கடனுக்கு அனுமதி பெறும் வழக்கம் அங்கு உண்டு. வாக்களித்தவர்கள் பின்னர் போய்விடலாம். கடனோ நிலத்தோடு இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 1 கோடி டொலர் என்றும் வீடுகள் 500 என்றும் வைத்துக்கொண்டால், முதல் மாத்திரம் வீட்டுக்கு 20,000 டொலர். திட்டம் இடையில் நின்று 100 வீடுகளே எழும்பினால் அது 100,000 டொலர் ஆகிவிடும். 1980களின் நடுப்பகுதியில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது ஹூஸ்டன் பகுதியில் இத்தகைய நிலைமை ஏற்பட்டது. வீடு வாங்க ஆளில்லை. சில வட்டாரங்களில் வரி மிகவும் உயர்ந்தது, சில வட்டாரங்கள் கடனைக் கட்ட முடியாமல் நின்றன. அதன்பின் மாநிலம் விதிகளை இறுக்கியது.

இம்முறையை ஆதரிப்போரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். நகரத்தில் ஏற்கெனவே வாழ்பவர்கள் புதிய குடியிருப்புக்காக வரி கட்டத் தேவையில்லை. பாவிப்பவரே செலவை ஏற்கிறார். வீட்டின் ஆரம்ப விலையும் குறைகிறது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. குழாய் இல்லாத குடியிருப்பைவிடக் குழாய் உள்ள குடியிருப்பு நல்லதே. வட்டாரத்தின் வரியையும் கடனையும் பற்றி வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் கைச்சாத்திட வேண்டிய பத்திரங்களின் கட்டுக்குள் அந்தத் தாளும் ஒன்றாகிவிடுகிறது. குடிவந்தவர்கள் பின்னர் தமது இயக்குநர்களைத் தெரிவு செய்யலாம். எனினும் விற்கப்பட்டுவிட்ட முறிகளின் கடனை அவர்களால் இல்லாமற் செய்ய முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

எமது நாட்டுச் சட்டங்கள் வேறு. என்றாலும் புதிய காணியோ வீட்டுத் திட்டமோ முன்வைக்கப்படும் எந்த இடத்திலும் கேட்கத்தக்க கேள்விகள் சில உள்ளன. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவற்றைக் கலந்துரையாடுங்கள்.

• கழிவுநீர் எங்கே போய்ச் சேரும்? கிணற்றிலிருந்து அது எவ்வளவு தூரம்?

• அமைக்கும் செலவு யாருடையது? பின்னர் திருத்தும் செலவு யாருடையது?

• காணியின் பேரிலோ எமது பேரிலோ கடன் ஏதும் உண்டா? எத்தனை ஆண்டுகளுக்கு?

• எதிர்பார்த்த குடும்பங்கள் வராவிட்டால் எஞ்சியவர்களின் பங்கு கூடுமா?

• இவற்றைத் தீர்மானித்த கூட்டத்தில் அங்கு குடியிருக்கப் போகிறவர்கள் இருந்தார்களா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி அவற்றை உரத்து வாசிப்பியுங்கள். கையெழுத்து வைப்பது அதன் பிறகு.