‘மயக்கமா வருது சிஸ்டர்...’ - கேஸ் ஷீட்டில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும்?

“மயக்கமா வருது சிஸ்டர்.” வார்டு பயிற்சிக்குப் போகும் நர்சிங் மாணவிகளுக்கு இது பழகிப்போன வரி. தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம்; கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம் என்கிறோம்; நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். மருத்துவத்தில் இவை ஒன்றல்ல. சுற்றுவது போன்ற உணர்வு ‘வெர்டிகோ’. சிறிது நேரம் நினைவு தப்பி, தானாகத் தெளிந்தால் ‘சின்கோப்பி’. முன்னது பெரும்பாலும் உள்காதுக் கோளாறால் வருவது. பின்னது இதயத்துடிப்பில் சிக்கல் இருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கேஸ் ஷீட்டில் எந்தச் சொல் ஏறுகிறதோ, டாக்டரின் கவனமும் அந்தப் பக்கம்தான் போகும்.

அப்போ என்ன எழுதணும்?

எழுதும் முன் கேட்க வேண்டும். “தலை சுத்துதாம்மா, கண்ணு இருட்டுதா, இல்ல விழுந்துட்டீங்களா?” நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே குறித்துவிட்டு, நர்ஸ் தான் பார்த்ததையும் அளந்ததையும் தனியாக எழுத வேண்டும்: நேரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சர்க்கரை அளவு.

ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “வாயு புடிச்சிருக்கு” என்றால், ‘கேஸ் ட்ரபிள்’ என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. அது மாரடைப்பாகவும் இருக்கலாம். வலி எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா என்று பார்த்து உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நீளமான சொற்களை எப்படி நினைவில் வைப்பது?

உடைத்துப் படித்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஐட்டிஸ்’ என முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என முடிந்தால் வெட்டி அகற்றுவது. அப்பெண்டிசைட்டிஸ் நோய், அப்பெண்டெக்டமி அதற்கான அறுவை சிகிச்சை.

‘ஹைப்பர்’ என்றால் அதிகம். ‘ஹைப்போ’ என்றால் குறைவு. இங்கேதான் உஷாராக இருக்கணும். ஹைப்பர்கிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது. ஹைப்போகிளைசீமியா என்றால் குறைந்திருக்கிறது. உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால், போனில் தகவல் சொல்லும்போது சொல்லோடு எண்ணையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

சுருக்கெழுத்தில் என்ன சிக்கல்?

‘பி.டி.’ என்றால் தினம் இரு முறை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று முறை. இரண்டும் லத்தீனில் இருந்து வந்தவை. ‘ஓ.டி.’ என்றால் நம் ஊரில் தினம் ஒரு முறை. கண் மருத்துவத்தில் அதே எழுத்துகள் வலது கண்ணைக் குறிக்கும்.

இன்சுலின் அளவில் இன்னும் பெரிய ஆபத்து. ‘யூனிட்’ என்பதற்குப் பதில் ஆங்கில ‘யு’ எழுத்தை மட்டும் கிறுக்கினால், அது பூஜ்ஜியம் போலத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாத’ சுருக்கங்களின் பட்டியலில் இந்த ‘யு’வும் இருக்கிறது. புள்ளிக்கும் அதில் விதி உண்டு. 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கியதும் 10 ஆகிவிடும். வெறும் 1 போதும். .5 என்பது 5 ஆகிவிடலாம், 0.5 என்றே எழுத வேண்டும்.

எழுத மறந்தால்?

எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது நர்சிங் வகுப்பின் பாலபாடம். இரவில் கொடுத்த மாத்திரையைக் குறிக்காமல் டியூட்டி முடித்துப் போனால், காலையில் வரும் நர்ஸ் அதையே மறுபடி கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன்பே குறித்துவைப்பதும் தவறு. நோயாளி வாந்தி எடுக்கலாம், மாத்திரையே வேண்டாம் எனலாம். தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, நேரத்துடன் கையெழுத்திட வேண்டும். வழக்கு என்று வந்தால் இதுதான் ஆதாரம்.

நோயாளிக்கும் இதில் உரிமை இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்; நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இன்று வார்டில் மாணவி எழுதும் ஒரு வரியை, நாளை வேறு ஊரில் வேறொரு டாக்டர் படிக்க நேரலாம். அப்போது விளக்கம் சொல்ல அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.