சிந்தெடிக் ஆயில்: எதை ஊற்றுவது, எப்போது மாற்றுவது?

கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலில் பல அளவு மூலக்கூறுகள் கலந்திருக்கும். மெழுகுத் தன்மை கொண்டவை கடுங்குளிரில் இறுகும். இலேசானவை சூட்டில் ஆவியாகும். சிந்தெடிக் ஆயிலின் மூலக்கூறுகள் வேதிமுறையில் சீராக்கப்பட்டவை. அதனால் அது குளிரிலும் ஓடும், சூட்டிலும் எளிதில் கெடாது.

டப்பாவில் காணும் 5டபிள்யூ-30 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். முன் எண் சிறிதானால் குளிரில் இன்ஜின் எளிதாகச் சுழலும். பின் எண் 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மைக்கான தரவரிசை. கெட்டியான ஆயிலே நல்லது என்பது பழைய நம்பிக்கை. வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே சரி. பைக்குகளில் பெரும்பாலும் கிளட்சும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும். உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆகவே அத்தகைய பைக்குக்கு, ஆயிலில் மூழ்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ‘ஜாஸோ எம்ஏ’ முத்திரை பார்த்து வாங்க வேண்டும்.

ஆயில் கறுத்தாலே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கரியைக் கழுவித் தன்னுள் ஏந்தியிருக்கிறது, அவ்வளவுதான். எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானம் தீர்ந்துபோவது மாற்றுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அது தீர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்று கெடு வைக்கிறார்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடேறாது. நீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். அத்தகைய வண்டிக்குக் கெடுவைக் குறைக்க வேண்டும்.