மூணு கோடு எங்கே?

அணில் சின்னம் வேண்டுமென்று இணையத்தில் தேடினால் படங்கள் வந்து குவியும். பெரும்பாலானவற்றில் காது நுனியில் குஞ்சம், செம்பழுப்பு உடல், முதுகுக்கு மேல் சுருண்டு நிற்கும் பருத்த வால். ஐரோப்பியக் காடுகளில் ஓடும் அணில் அது. புதுச்சேரி அரசு 2007இல் மாநில விலங்காக அறிவித்தது நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலை. அதன் முதுகில் மூன்று வெளிர்கோடுகள் உண்டு, காதில் குஞ்சம் கிடையாது. புதுச்சேரியின் வீராம்பட்டினத்துப் பள்ளி ஒன்று அணிலைச் சின்னமாக்க நினைத்து அந்த இணையப் படத்தை அப்படியே இறக்கிக்கொண்டால், ஊர் கண்டிராத பிராணிதான் மதில் சுவரில் ஏறும். பெரியவர்கள் கவனிக்காமல் விடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை “மூணு கோடு எங்கே?” என்று கேட்டுவிடும். பள்ளிக்கு விலங்குச் சின்னம் வரையும்போது இப்படிப்பட்ட கேள்விகளை முறையாகக் கேட்க வைக்க வேண்டும். சக மாணவர்கள் பார்த்துச் சொல்வது ஒப்புக்குச் செய்யும் சடங்கு அல்ல, வரைகிற வேலையில் பாதி அதுதான் என்பது என் வாதம்.

காரணம் எளியது. சின்னம் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிய வேண்டிய படம். அடையாள அட்டையில் கட்டைவிரல் நகத்தளவு சுருங்கினாலும், சட்டைப் பையில் ஒரே நிற நூலில் தைத்தாலும், சுவரில் ஆளுயரத்துக்கு விரிந்தாலும் அது அதே விலங்காகத் தெரிய வேண்டும். வரைந்தவரால் இதைச் சோதிக்க முடியாது. தாளில் இல்லாததையும் அவர் மனம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி நகரப் பள்ளி ஒன்றில் நடந்ததை ரான் பெர்கர் என்ற கல்வியாளர் உலகெங்கும் ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். முதல் வகுப்பு மாணவன் ஒருவன் புலிவரி வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தான். முதல் படம் எந்தக் குழந்தையும் வரையும் பொதுவான பூச்சி. தோழர்கள் முதலில் வடிவத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள்: இறக்கை உருண்டையாக இருக்கிறது, முக்கோணமாக வர வேண்டும். வடிவம் கைகூடிய பிறகு இறக்கையின் வரிகள், கடைசியில் வண்ணம். ஆறாவது படத்தைப் பார்த்தவர்கள் அதை முதல் வகுப்புப் பிள்ளை வரைந்தது என்று நம்பத் தயங்கினார்கள். அவனுக்குத் தேவைப்பட்டது மறுபடி பார்க்கச் சொல்லும் கண்கள். சொல்வது கனிவாக, குறிப்பாக, உதவும்படி இருக்க வேண்டும் என்பது பெர்கர் வகுத்த முறை. “நல்லா இருக்கு” என்பதும் “நல்லா இல்ல” என்பதும் இதில் சேராது. இரண்டையும் வைத்துக்கொண்டு பென்சிலை எங்கே நகர்த்துவது?

விலங்கைத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னால் பயன் இன்னும் கூடும். அரசியலமைப்பின் கையெழுத்துப் படியை நந்தலால் போஸ் தலைமையில் சாந்திநிகேதன் ஓவியர்கள் அலங்கரித்தபோது, அசோகச் சிங்கங்களை வரையும் பொறுப்பு தீனாநாத் பார்கவா என்ற இளம் மாணவருக்கு வந்தது. மாதிரிக்குச் சாரநாத் கல்சிற்பம் இருந்தது. ஆனாலும் அவர் கல்கத்தா விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய் உயிருள்ள சிங்கங்களைப் பார்த்துப் பழகினார். வீராம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. மீனவர் ஊர் அது. வஞ்சிரம் எது, சூரை எது என்று கரையில் நின்றே கற்றுக்கொள்ளும் இடம். புதுச்சேரிக் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் ஆண்டு தொடக்க மாதங்களில் இரவில் ஏறி வந்து முட்டையிடும். ஒரு மாணவி சின்னத்துக்கு அந்த ஆமையை வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கதைப் புத்தகப் பழக்கத்தில் மேடான ஓடும் நான்கு தடித்த கால்களும் போடுவாள். பக்கத்து பெஞ்சுப் பையன், “இது கிணத்து ஆமை. கடல் ஆமைக்குக் காலா இருக்கு? துடுப்பு இல்ல?” என்பான். முன்துடுப்புகள் நீண்டு, ஓடு இதயவடிவில் தட்டையாக மாறியதும், தூரத்திலிருந்து பார்த்தாலே கடலாமை என்று சொல்லும்படி படம் நிமிர்ந்துவிடும். எந்த ஓவியப் பயிற்சியும் இல்லாத விமர்சகன் தந்த திருத்தம் அது.

ஆமையா, அபசகுனம் ஆயிற்றே என்ற குரலும் வகுப்பில் எழும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியைப் பாட்டியிடம் கேட்காத பிள்ளை உண்டா? இழுவை வலையில் மூச்சுமுட்டி இறந்த ஆமைகள் கரையொதுங்கும் செய்தி ஆண்டுதோறும் வருவதால், இந்தச் சின்னம் தங்கள் அப்பாக்களின் தொழிலைக் குற்றம் சொல்கிறதோ என்றும் ஒரு பிள்ளைக்கு உறுத்தலாம். இவற்றை அடக்கக் கூடாது. கோட்டைத் திருத்துவதைவிட இந்தப் பேச்சு முக்கியம் என்றே நினைக்கிறேன். சுவரில் பெயிண்ட் காய்ந்த பிறகு ஊர் கேட்கப் போவதை வகுப்பு முன்கூட்டியே கேட்டுவிடுகிறது. பேசிப் பார்த்து ஆமையையே வைத்துக்கொண்டால் ஏன் என்று பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியும். கைவிட்டு அணிலுக்குப் போனால் அதுவும் சரி.

பலர் கை பட்டால் படம் கெட்டுப்போகும் என்பது நியாயமான அச்சம். ஆளுக்கொன்று கேட்டு, அணிலுக்குக் கையில் புத்தகம், தலையில் தொப்பி, பின்னால் உதயசூரியன் என்று அடுக்கினால் நகத்தளவில் கறைதான் மிஞ்சும். ஆகவே பென்சில் ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் தங்களுக்கு என்ன தெரிகிறது என்பதைச் சொல்லலாம், எதைச் சேர் என்று உத்தரவிடக் கூடாது. இன்னும் கறாரான சோதனை ஒன்று உண்டு: படத்தை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, அடுத்த வகுப்புப் பிள்ளைகளை நினைவிலிருந்து வரையச் சொல்லலாம். அணிலை வரைந்தவர்கள் எல்லாரும் மூன்று கோடுகளையும் போட்டு, தொப்பியை மறந்திருந்தால், எதை அழிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யார் மனமும் புண்படாது, ஏனென்றால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அரை நிமிடத்தில் நூறு சின்னம் தருமே என்பார்கள். தரும், ஆனால் உலகில் அதிகம் புழங்கும் அணிலின் சாயலில் தரும். கோடு இல்லை என்று கண்டுபிடிக்க அப்போதும் வகுப்பு வேண்டும். நகல் எடுப்பதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. பல்கலைக்கழகச் சின்னங்களைப் பார்த்துப் போட்ட அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு அந்தப் பல்கலைக்கழகங்கள் சட்ட எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியிருக்கின்றன.

சிங்கம், புலி, கழுகு என்று கம்பீரமாக வைத்தால்தான் பள்ளிக்கு மதிப்பு என்று நிர்வாகம் நினைப்பதுண்டு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டின் சின்னமான ‘தம்பி’யை நினைத்துப் பாருங்கள்: பலகையில் எல்லாரும் பார்த்த குதிரைக்கு வேட்டி கட்டிக் கைகூப்ப வைத்தார்கள், சிறுவர்கள் அதனோடு படம் எடுத்துக்கொள்ள முண்டியடித்தார்கள். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் அதிகாரப்பூர்வச் சின்னமாகக் கடற்சிங்கம் இருந்தது. மாணவர்களோ தங்கள் வளாகத்துக் காட்டில் ஊரும் மஞ்சள் நிற ஓடில்லா நத்தையைத்தான் தங்களுடையதாக நினைத்தார்கள். 1986இல் வாக்கெடுப்பு நடந்தது, நத்தை பெரும் வித்தியாசத்தில் வென்றது, இன்றும் அதுதான் அங்கே சின்னம். எந்த விலங்கு என்பதற்கு வாக்கெடுப்பு பொருந்தும். எப்படி வரைவது என்பதற்குப் பொருந்தாது. அதற்குப் படத்தைச் சுவரில் ஒட்டி, நாலு ஓவிய வகுப்பு ஒதுக்கி, பிள்ளைகளை எதிரே நிற்க வைத்துப் பேச விட வேண்டும்.