பட்டறைக்கு மெசின் வாங்குமுன்: காற்றா, பற்றறியா, வயரா?

வாழ்வாதார உதவிக்கான படிவத்தில் "தேவைப்படும் உபகரணங்கள்" என்று ஒரு பகுதி இருக்கும். பலர் அதை நிரப்பும்போதுதான் என்ன வாங்குவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த உதவி பெரும்பாலும் ஒரு தடவைதான் கிடைக்கும். வாங்கிய மெசின் உங்கள் ஊர் மின்சாரத்தில் ஓடாவிட்டால் அரை விலைக்கு விற்பதைத் தவிர வேறு வழி இராது. ஆகவே படிவத்தைக் கொடுக்குமுன் இதை வாசியுங்கள். பட்டறையில் உங்களோடு வேலை செய்யப்போகிறவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடைக்குப் போகுமுன் உங்கள் வளவில் மின்சாரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற். ஆனால் லைனின் கடைசி வீடுகளில் மாலை வேளையில் பல்ப் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் மோட்டாரும் திணறும், சூடேறும். மீற்றர் இன்னும் வராமல் அயல் வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தால் பட்டறை மெசின் எதையும் அதில் பூட்டாதீர்கள். அது இரு வீட்டுக்கும் ஆபத்து. வீட்டு இணைப்பில் பட்டறை நடத்தலாமா, கட்டணப் பிரிவை மாற்ற வேண்டுமா என்பதை மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர் மெசின்

மின்சாரம் ஒழுங்காக உள்ள இடத்தில் காசுக்கு அதிக வேலை தருவது வயர் மெசின்தான். ஒரே சக்தியுள்ள பற்றறி மெசினைவிட விலை குறைவு. நாள் முழுக்க ஓடும். தேய்ந்துபோகும் கார்பன் பிரஷை நீங்களே மாற்றலாம். கதவு, ஜன்னல் செய்யும் தச்சுப்பட்டறைக்கும் கேற், கிறில் செய்யும் வெல்டிங் பட்டறைக்கும் இதிலிருந்து தொடங்குவதே புத்தி.

இதன் பலவீனம் வயர். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 30 மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியர் இழுத்தால் வழியிலேயே ஏறக்குறைய 11 வோல்ற் போய்விடும். ஏற்கெனவே மங்கலான லைனில் இதுவும் சேர்ந்தால் மோட்டார் எரிவதற்கு அதிக நாள் எடுக்காது. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்கினால் இழப்பு பாதிக்கும் குறைவு. சுருளாக வைத்துக்கொண்டு பாவிக்காதீர்கள், முழுவதையும் விரித்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி மேலுறை உருகும்.

பட்டறை லைனில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம் இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிச் விழாவிட்டால் மாற்றுங்கள். மழைக்காலத்தில் மண் நிலத்தில் வெறுங்காலோடு நின்று கிறைண்டர் பிடிப்பவருக்கு அந்தச் சுவிச்தான் உயிர்.

பற்றறி மெசின்

கூரை வேலை, வீடு வீடாகப் போய்ப் பூட்டும் வேலை, மின்சாரம் வராத காணியில் கட்டுமான வேலை: இவற்றுக்குப் பற்றறி டிறில் நல்ல துணை. கடையில் ஒன்றில் 18 வோல்ற் என்றும் இன்னொன்றில் 20 வோல்ற் என்றும் எழுதியிருந்தால் குழம்பவேண்டாம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். முழுச் சார்ஜில் அளந்தால் 20, வேலை செய்யும்போது 18.

கிறைண்டர் வேலைக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 வோல்ற், 4 அம்பியர்-மணி பற்றறியில் இருப்பது 72 வாற்-மணி. 700 வாற் இழுக்கும் அளவுக்கு அழுத்தி வெட்டினால் 6 நிமிடத்தில் முடிந்துவிடும். டிறிலுக்கும் ஸ்குறூ பூட்டுவதற்கும் அதே பற்றறி நெடுநேரம் வரும். அதனால் பற்றறி கிறைண்டரை வாங்கி நாள் முழுக்க இரும்பு வெட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு கம்பனியின் பற்றறி இன்னொரு கம்பனி மெசினில் பொருந்தாது. அதனால் முதல் மெசினை வாங்கும்போதே அடுத்த மூன்றையும் தீர்மானித்துவிடுகிறீர்கள். பற்றறிக்கு ஆயுளும் உண்டு, சில நூறு சார்ஜுகளுக்குப் பின் கொள்ளளவு குறையும். வெக்கை அதன் முதல் எதிரி. தகரக் கொட்டிலில் மத்தியானத்தில் விட்டுவைக்காதீர்கள், சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

காற்று மெசின்

ரயர் கடை, மோட்டார் சைக்கிள் கராஜ், பெயின்ற் அடிக்கும் இடம் இவற்றுக்குக் கொம்பிறசர் இல்லாமல் சரிவராது. காற்றில் ஓடும் கருவி பாரம் குறைந்தது, உள்ளே பாகங்கள் குறைவு, இறுகி நின்றாலும் எரிந்துபோகாது, கையில் மின்சாரம் அடிக்காது. ஆனால் மலிவு என்று சொல்ல முடியாது. கருவி மலிவாக இருந்தாலும் அதை ஓட்டும் கொம்பிறசர்தான் செலவு. கொம்பிறசர் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடுகிறது. அது மாதாமாதம் பில்லில் தெரியும்.

கடைக்காரர் தாங்கியின் லீற்றரைத்தான் முதலில் சொல்லுவார். நீங்கள் கேட்கவேண்டியது நிமிடத்துக்கு எத்தனை கனஅடி காற்று வரும் என்பதை. 2 குதிரை வலு கொம்பிறசர் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 அல்லது 7 கனஅடி தந்தால் நல்லது. சில்லு நட் கழற்றும் கன்னுக்கு விட்டுவிட்டு அழுத்தும்போது 4 அல்லது 5 போதும். காற்றில் ஓடும் சாண்டருக்கு 8 முதல் 12 வேண்டும். அந்தக் கொம்பிறசரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, தாங்கி நிரம்பும்வரை நீங்கள் காத்துக்கொண்டு நிற்பீர்கள். தாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காத்திருப்பைச் சற்றுப் பின்போடும், அவ்வளவுதான்.

ஜெனரேற்றரில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2 குதிரை வலு என்பது ஏறக்குறைய 1,500 வாற். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 2 கே.வி.ஏ. ஜெனரேற்றர் அதில் திணறி நின்றுவிடும். மின்சாரமே இல்லாத இடத்தில் ரயர் வேலைதான் செய்யப்போகிறீர்கள் என்றால் பெற்றோல் எஞ்சினோடு வரும் கொம்பிறசரைப் பாருங்கள். சைக்கிள் மட்டும் என்றால் நல்ல காற்றுப் பம்பே போதும். மிச்சக் காசுக்கு ரியூப், வால்வு, ஒட்டுச் சாமான் வாங்கி வைக்கலாம்.

கொம்பிறசரில் கட்டாயம் செய்யவேண்டியது ஒன்று. காற்றிலுள்ள ஈரம் தாங்கிக்குள் தண்ணீராகத் தேங்கும். கடற்கரைக் கிராமங்களில் இன்னும் அதிகம். தினமும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள வால்வைத் திறந்து வடியவிடுங்கள். விட்டால் உள்ளே துருப்பிடித்துத் தகடு மெலியும், ஒருநாள் வெடிக்கும். வெளியே பெயின்ற் பளபளப்பாக இருப்பதால் இது கண்ணுக்குத் தெரியாது. பழைய கொம்பிறசர் மலிவாகக் கிடைத்தால், வடியும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். காற்றுக் குழாயை உடம்பின் பக்கம் பிடித்துத் தூசு தட்டும் பழக்கம் வேண்டாம். பிள்ளைகளை அதனோடு விளையாட விடவே கூடாது.

வெட்டக் கூடாதது

மீளக்குடியேறிய காணிகளில் பழைய இரும்பு நிறையக் கிடக்கும். அதைக் கிறைண்டரால் வெட்டி விற்கும் ஆசை வருவது இயல்பு. என்னவென்று உறுதியாகத் தெரியாத குழாய், உருளை, வால்போல் தகடு வைத்த பொருள் எதையும் தொடவோ தட்டவோ வெட்டவோ வேண்டாம். யாராவது கொண்டுவந்து "இதைப் பிளந்து தா" என்று கேட்டாலும் பட்டறைக்குள் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு விலகி, கிராம அலுவலருக்கு அல்லது 119 இலக்கத்தில் பொலிசுக்கு அறிவியுங்கள்.

வாங்கும்போது

குறைந்தது இரண்டு கடையில் விலை எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் உங்கள் பெயரில் இருக்கட்டும். உதவி வழங்கும் நிறுவனத்துக்குப் பிரதி கொடுத்தாலும் மூலத்தை நீங்கள் வைத்திருங்கள். பிளக் உங்கள் பிளக் பொயின்ருக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பல வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் பொயின்ற் உள்ளது, புதிய மெசின்களோ 13 அம்பியர் சதுரப் பின்னோடு வரலாம். கிறைண்டர் தட்டில் எழுதியிருக்கும் சுற்றுவேகம் மெசினின் வேகத்துக்குச் சமமாக அல்லது கூடுதலாக இருக்க வேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்து விற்றால் மூடியைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியின் விலையையும் உங்கள் பட்டியலில் சேர்த்து எழுதுங்கள். திருத்துவதற்கு எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் கேளுங்கள். பதில் கொழும்பு என்றால், பக்கத்து நகரத்தில் திருத்தக்கூடிய வேறொரு மெசினைப் பாருங்கள்.